குப்பைக்குப் போகும் பீடிங்கும் டோர் பேடும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களின் அணிவகுப்பு பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த செய்தியையும் படங்களையும் மிகுந்த விருப்பத்தோடு பார்த்தேன். இத்தகைய செய்திகளுக்கு நீங்கள் இடம் ஒதுக்குவதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு காரைக் குறித்து, உள்ளேயிருந்த பழைய இருக்கை உறை, டோர் பேட் எனப்படும் கதவின் உட்புறப் பலகை, ரப்பர் ஆகிய அனைத்தையும் அகற்றிப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள் என்பதையே பெருமைக்குரிய செயலாக எழுதியிருந்தது எனக்கு வருத்தம் தந்தது. அந்தக் காரின் உரிமையாளரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஒரு காலத்தில் நானும் அதையேதான் செய்தேன்; அதனால் இழந்ததை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய காரில் எஞ்சினைவிடவும் பெயிண்டைவிடவும் திரும்பப் பெற முடியாதவை இந்த உள்வேலைப்பாடுகளும் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குகளும்தான் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது 1969-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு கார். என் தந்தையார் வாங்கியது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை அதை 948 சிசி எஞ்சினுடன் 1960-களில் தயாரித்தது. இங்கிலாந்தில் ஹெரால்டு இரண்டு கதவுகளோடு மட்டுமே விற்கப்பட்டது; நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டுக்கென்றே உருவானது. அதன் பிறகு வந்த கெசல், 1980-களில் வந்த ஸ்டாண்டர்டு 2000 ஆகியவற்றோடு அந்த ஆலையின் கதை முடிந்துவிட்டது. ஜிஎஸ்டி சாலையில் பேருந்தில் போகும் இன்றைய இளைஞர்களிடம், இங்கே கார் தயாரித்தார்கள் என்று சொன்னால் வேறொரு பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லித் திருத்துகிறார்கள்.

நான்கு கதவு என்ற இந்தச் சிறிய வேறுபாட்டில்தான் சிக்கலே இருக்கிறது. ஹெரால்டுக்கும் அதன் உறவுக் கார்களான விட்டெஸ், ஸ்பிட்ஃபயர் ஆகியவற்றுக்கும் இங்கிலாந்தில் இன்றும் ரசிகர் சங்கங்களும் உதிரிபாக வணிகர்களும் உண்டு. எஞ்சின் பாகங்களையோ முன்கண்ணாடி பீடிங்கையோ பணம் கட்டி வரவழைத்துவிடலாம். ஆனால் நம் காரின் பின்கதவு ரப்பரையும், அந்தக் கதவின் டோர் பேடையும், அதற்குரிய ஜன்னல் பீடிங்கையும் அங்கே யாரும் செய்து விற்பதில்லை. அவர்களிடம் அந்தக் கதவே கிடையாதே. சென்னையில் செய்த பொருளுக்குச் சென்னையில் கிடக்கும் பழைய துண்டு ஒன்றுதான் பார்த்துச் செய்வதற்கான மாதிரி. அந்தத் துண்டை நாமே குப்பையில் போட்டுவிட்டால் பிறகு எங்கே போய்க் கேட்பது?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் காரை டிங்கரிங், பெயிண்டிங் வேலைக்கு ஒரு பட்டறையில் விட்டேன். முன்கண்ணாடியைக் கழற்றும்போது பழைய பீடிங்கைக் கத்தியால் அறுத்தெடுத்தார்கள். அதுகூடத் தவறில்லை, இறுகிப்போன ரப்பரை நெம்பிக் கண்ணாடியை உடைப்பதைவிட அறுப்பதே மேல். அறுத்த துண்டுகளைக் கொடுங்கள் என்று கேட்காதது என் தவறு. வேன்களுக்குப் போடும், மீட்டர் கணக்கில் விற்கும் பீடிங்கை வாங்கிச் சுற்றினார்கள். நான்கு மூலைகளிலும் அது சுருங்கி எழும்பி நின்றது. எழும்பிய இடங்களில் குழாய் குழாயாகச் சிலிகானைப் பிதுக்கி அடைத்தார்கள். அங்கிருந்து கார் குஷன் வேலைக்குப் போனது. திரும்பி வந்தபோது நான்கு டோர் பேடுகளும் புதிய ரெக்ஸினில் பளபளத்தன. பழையவை எங்கே என்று கேட்டதற்கு, அட்டையெல்லாம் நைந்துவிட்டது, குப்பை வண்டியில் போட்டு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அடுத்த ஐப்பசி மழையில் ஓட்டுநரின் காலடியில் தண்ணீர் தேங்கியது. இரண்டாம் ஆண்டில் முன்கண்ணாடியின் கீழ்விளிம்பில் பெயிண்ட் கொப்பளித்தது. ஐந்தாம் ஆண்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தியபோது தகடு பிஸ்கட்டைப் போல் நொறுங்கியது.

ரப்பர் பீடிங்கைப் பெரும்பாலோர் கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஒரு பட்டை என்றே நினைக்கிறார்கள். அதன் வேலை அதைவிட நுட்பமானது. அதில் இரண்டு காடிகள், அதாவது நீளப் பள்ளங்கள், உண்டு. ஒன்றில் கண்ணாடியும் மற்றொன்றில் காரின் தகட்டு விளிம்பும் அமர்கின்றன. இவை போக, வெளிப்பக்கத்தில் இருக்கும் சிறு காடியில் ஒரு பளபளப்பான பட்டையைச் சொருகுவார்கள். அது அழகுக்காக மட்டும் இருப்பதன்று. அது உள்ளே நுழையும்போது ரப்பர் இரு பக்கமும் விரிந்து கண்ணாடியையும் தகட்டையும் இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பட்டையைப் போடாமல் விட்ட கார்கள் ஒழுகுவதில் வியப்பில்லை. அந்தக் காலத்து ரப்பர் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் காலப்போக்கில் வெடித்து, சுருங்கி, கல்லாகிவிடும். மழைநீர் அந்த வெடிப்பின் வழியே புகுந்து, தகட்டு விளிம்பிலேயே தங்கி, பிறகு டேஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் வழிந்து, காலடி மிதியடிக்குக் கீழே இருக்கும் சணல் விரிப்பில் போய்ச் சேர்கிறது. சணல் அதை வாரக்கணக்கில் விடாது. தரை ஓட்டையாகிவிட்டது என்று பட்டறைக்கு வரும் பழைய கார்களில் பலவற்றின் நோய் தரையில் தொடங்கியதன்று. அதற்கு மூன்றடி மேலே, கண்ணாடியின் மூலையில் தொடங்கியது. ஹெரால்டுக்கு இதில் கூடுதல் சங்கடம் உண்டு. அதன் உடற்பகுதி ஒரே கூடாக வார்க்கப்படாமல், தனித்தனிப் பகுதிகளாகச் செய்து போல்ட்டுகளால் சேஸி என்னும் அடிச்சட்டத்தின் மேல் இணைக்கப்பட்டது. மூல வடிவமைப்பில் கூரைகூடத் தனியே கழன்று வரும். ஆகவே இணைப்பு தோறும் ஒரு ரப்பர். ரப்பர் தோறும் ஒரு ஒழுகல்.

இரண்டாவது முறை நானே ஒரு நண்பரின் துணையோடு அந்த வேலையைச் செய்தேன். முதலில் தகட்டு விளிம்பிலிருந்து துருவையும், மேடுபள்ளத்தை நிரப்பப் பூசியிருந்த பழைய பட்டியையும் முழுவதுமாகச் சுரண்டி, அழுகிய பகுதியை வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்து, பிரைமரும் பெயிண்டும் அடித்து நன்றாகக் காயவிட்டோம். இங்கே ஒரு எச்சரிக்கை: அந்த விளிம்பில் பட்டி பூசிச் சமன்செய்யும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. பட்டியின் கனம் கூடிய இடத்தில் ரப்பர் அமராது. அமர்ந்தாலும் கண்ணாடியை ஒரு புள்ளியில் நெருக்கும். இன்று நாம் போடும் லேமினேட்டட் கண்ணாடி அப்படி நெருக்கப்பட்டால் எந்தக் கல்லும் படாமலேயே ஒரு நாள் காலையில் ஓரத்திலிருந்து குறுக்கே கீறிக்கொண்டு நிற்கும்.

பீடிங் வாங்குவதற்கு முன் மூன்று அளவுகள் கையில் இருக்க வேண்டும்: கண்ணாடியின் கனம், தகட்டு விளிம்பின் கனம், இரண்டுக்கும் இடையிலான தூரம். பழைய ரப்பரை மட்டும் அளந்து அதன்படி செய்யச் சொல்வது ஏமாற்றும், ஏனென்றால் அது சுருங்கியிருக்கும். பழைய ரப்பரை நேரான ஓரிடத்தில் குறுக்கே மெல்லிய சீவலாக அறுத்து, அந்த வெட்டுமுகத்தைக் காகிதத்தில் அச்சுப்போல் வரைந்து, மேற்சொன்ன அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். ரப்பரைப் பொறுத்தவரை, வெயிலையும் ஓசோனையும் தாங்குவதில் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வகை பழைய இயற்கை ரப்பரைவிட மேலானது; ஆனால் அதற்கு எண்ணெயும் கிரீஸும் ஆகாது, பட்டால் ஊதிவிடும். கண்ணாடி பீடிங்குக்கு ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் ஏறத்தாழ 60 முதல் 70 வரை பொருந்தும். கதவு ரப்பருக்கு அது மிக அதிகம். அங்கே பஞ்சுபோன்ற மென்மையான ரப்பர்தான் தேவை. கதவைப் பலமாக அறைந்து சாத்தினால்தான் மூடுகிறது என்று சிலர் புலம்புவதற்குக் காரணம், கெட்டி ரப்பரைக் கதவில் ஒட்டியிருப்பதே. நீளத்தை வெட்டும்போது ஓரிரு சென்டிமீட்டர் கூடுதலாகவே வைத்து, இணைப்பைத் தள்ளி இறுக்கி உட்கார வைக்க வேண்டும். இழுத்துப் பிடித்து அளந்து வெட்டிய பீடிங், சில மாதங்களில் தன் பழைய நீளத்துக்குத் திரும்பி இணைப்பில் வாய் பிளக்கும்.

பொருத்தும் முறை நம் ஊர்க் கண்ணாடிக் கடைக்காரர்கள் அனைவரும் அறிந்ததே. பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, தகட்டுக்குரிய காடியில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளும் கீழ் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று வருமாறு விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் தட்டி அழுத்த, உள்ளிருப்பவர் கயிற்றை மெல்ல இழுத்து ரப்பரின் விளிம்பைத் தகட்டின்மேல் ஏற்றுவார். இதில் அவசரம் கூடாது என்பதைத் தவிர நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. சிலிகான் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். காயும்போது வினிகர் வாடை வீசும் சிலிகான் ஓர் அமிலத்தை வெளியிடுகிறது. பெயிண்ட் போன வெறும் தகட்டில் அது துருவை வரவேற்கும். பிறகு அந்த இடத்தில் பெயிண்டும் ஒட்டாது, பீடிங்கைக் கழற்றவும் முடியாது. என்றும் இறுகாத, பியூட்டைல் மாஸ்டிக் என்னும் பிசுபிசுப்பான அடைப்பானை ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையில் சிறிதளவு வைத்தால் போதுமானது. வேலை முடிந்தபின் தோட்டக் குழாயில் மெல்லிய நீரோட்டத்தைக் கீழ்விளிம்பிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்பது கடைசிவரை தெரியாது. கதவு ரப்பருக்கு அதைவிட எளிய சோதனை உண்டு: பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தகட்டைத் தொடவில்லை.

உள்வேலைக்கும் கண்ணாடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பல பழைய கார்களில் கூரையின் உட்புறத்தை மூடும் டாப் லைனிங் துணியின் முன்விளிம்பு, முன்கண்ணாடியின் தகட்டு விளிம்பைச் சுற்றி மடித்து ஒட்டப்பட்டு, அதன்மேல்தான் பீடிங் ஏறுகிறது. எனவே லைனிங் முதலில், கண்ணாடி பிறகு. பட்டறை வேறு, குஷன் கடை வேறு என்று கார் அலையும் நம் வழக்கத்தில் இந்த வரிசை தலைகீழாகிறது. கண்ணாடி மாட்டிய பிறகு வரும் குஷன்காரர் வேறு வழியின்றித் துணியை பீடிங்கின் ஓரத்தில் வெட்டிப் பசையால் ஒட்டிவிடுகிறார்; மறு கோடையில் அது தலையில் தொங்குகிறது. லைனிங்கைத் தாங்கும் கம்பி வளைவுகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று அளவில் மாறுபடும் என்பதால், கழற்றும்போதே அவற்றுக்கு எண் கட்டி வைக்க வேண்டும். அவற்றைக் கலந்து வைத்துவிட்டு நான் இழந்த ஞாயிற்றுக்கிழமைகளின் எண்ணிக்கையை இங்கே எழுதினால் என் மனைவி படித்துவிடுவார்.

இருக்கை உறைகளுக்கு வருவோம். அந்தக் காலத்து வினைல் உறைகள் பலவற்றில் தெரியும் வரிவரியான மடிப்புகள் தையலால் ஆனவையல்ல. ஆலையில் அச்சுக்கட்டையும் உயர் அதிர்வெண் மின்சாரமும் கொண்டு உருக்கிப் பதித்தவை. இன்று குஷன் கடையில் அதைப் போலச் செய்யச் சொன்னால் தையல் எந்திரத்தில் கோடு போடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது, கைவைத்தால் தெரியும். ஆகவே கிழிந்த உறையைக் கழற்றி எறிவதற்கு முன், அதைத் தைக்கவும் ஒட்டவும் இயலுமா என்று பார்ப்பதே முறை. உறையைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக விடுவித்துக் கழற்றி, கிழிசலின் அடிப்பக்கத்தில் மெல்லிய வினைல் துண்டை நெகிழும் பசையால் ஒட்டி, மேலே நிறத்துக்கேற்ற வினைல் சாயம் பூசினால், இரண்டடித் தொலைவில் எவராலும் அதைக் கண்டுபிடிக்க இயலாது. நிறத்துக்கு மாதிரி வேண்டுமெனில் வெயில் படாத மடிப்புப் பகுதியைப் பார்க்க வேண்டும். மேலே தெரிவது ஐம்பது ஆண்டு வெளுத்த நிறம். உள்ளே நசுங்கிப்போன தேங்காய் நார்ப் பஞ்சை மாற்றலாம், அதை யாரும் பார்ப்பதில்லை. தின்னரும் பெட்ரோலும் வைத்துத் துடைப்பது மட்டும் கூடவே கூடாது. வினைலை மென்மையாக வைத்திருக்கும் பொருளையே அவை உறிஞ்சிவிடும். துடைத்த அன்று பளிச்சென்று இருக்கும், மறு ஆண்டு அப்பளமாக உடையும்.

டோர் பேடின் கதை இன்னும் எளியது, இன்னும் வேதனையானது. அதன் முதுகில் இருப்பது ஹார்டுபோர்டு. கண்ணாடியில் வழியும் மழைநீரில் சிறிதளவு கதவின் உள்ளே இறங்குவது இயல்பே; அது கீழேயுள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. அந்த நீர் அட்டையில் படாதிருக்க, டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருக்கும். ஜன்னல் கைப்பிடியைப் பழுதுபார்க்கும் ஒவ்வொரு மெக்கானிக்கும் அதைக் கிழிப்பார். யாரும் திருப்பி ஒட்டுவதில்லை. அட்டை ஊறி, வளைந்து, கிளிப்புகள் பிய்ந்து வருகின்றன. இப்படிப் போன டோர் பேடில் கெட்டது அட்டை மட்டுமே. வளைந்த அட்டையையே மாதிரியாக வைத்துப் புதிய ஹார்டுபோர்டை வெட்டி, ஓட்டைகளை அதே இடத்தில் போட்டு, ஓரங்களுக்கும் முதுகுக்கும் வார்னிஷ் அடித்து, பழைய வினைலை வெயிலில் இளக்கி மெதுவாக உரித்து இதன்மேல் இழுத்து ஒட்டிவிடலாம். ஒரு கதவுக்கு ஒரு நாள் வேலை. புதிய ரெக்ஸினில் செய்வதற்கு அரை நாள் ஆகும். கடைகள் ஏன் அதையே விரும்புகின்றன என்பது புரியாததல்ல. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் சீட் கவர் தைக்கும் கைகளின் திறமையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. பழையதை வைத்து வேலை செய்யுங்கள், அதற்கான கூலியைத் தருகிறேன் என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதே உண்மை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, மூல வடிவத்தில் பேணப்பட்டு, பெரிய அளவில் மாற்றியமைக்கப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் விண்டேஜ் வாகனங்களாகப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். எண் பலகையில் விஏ என்ற எழுத்துகள் இடம்பெறும். இவ்விதிகளை நான் வரவேற்கிறேன். ஆனால் மாற்றம் என்று அவை எண்ணுவது சேஸி, உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாற்றங்களைத்தான். உள்ளே என்ன இருந்தது, என்ன போனது என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அணிவகுப்புகளில் பரிசளிக்கும் நடுவர்களும் பெரும்பாலும் பளபளப்பையே பார்க்கிறார்கள். வெளுத்த, ஒட்டுப்போட்ட, ஆனால் ஆலையிலிருந்து வந்த உறையோடு நிற்கும் காருக்குக் கூடுதல் மதிப்பெண் என்று ஒரு முறை அறிவித்துப் பார்க்கட்டும். பட்டறைகளில் குப்பைத் தொட்டியின் பக்கம் போகும் பல பொருள்கள் திரும்பி வரும். அதோடு, விண்டேஜ் பதிவுக்கான பரிசோதனைக்கு வரும் காரின் பீடிங் வெட்டுமுகங்களையும் டோர் பேடின் அளவுகளையும் ஒரு பக்கத்தில் வரைந்து இணைக்க வேண்டும் என்று மாநிலக் குழு கேட்டால், நம் ஊரில் ஓடிய, நம் ஊரிலேயே செய்த கார்களின் ரப்பருக்கு ஓர் ஆவணம் உருவாகிவிடும். சிறிய ரப்பர் ஆலைகள் நம் மாநிலத்தில் பல உண்டு. அச்சு செய்யும் செலவை ஒருவர் தாங்க முடியாது. இருபது பேர் சேர்ந்தால் தாங்கலாம். அதற்கு முதலில் சரியான வரைபடம் இருக்க வேண்டும்.

என்னிடம் மிச்சமிருந்த வலது பின்கதவு ரப்பரின் வெட்டுமுகத்தை நான்கு மடங்கு பெரிதாக வரைந்து வைத்திருக்கிறேன். நான்கு கதவு ஹெரால்டு வைத்திருப்போர் யார் கேட்டாலும் தங்கள் அலுவலகத்தின் வழியே படியைத் தர அணியமாக இருக்கிறேன். பதிலுக்கு ஒரு வேண்டுகோள். எந்த வீட்டுப் பரணிலாவது மார்க் 3-இன் இடது பின்கதவு டோர் பேட், எவ்வளவு ஊறி வளைந்திருந்தாலும், கிடக்குமானால் அதை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு சொல் அனுப்புங்கள். எனக்கு அந்த அட்டை வேண்டாம். அதிலுள்ள ஓட்டைகளின் இடம் மட்டும் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
மேற்குத் தாம்பரம்.